பாதியில் விட்ட பேய்ப்படம்

கார்னெட் பே, மிச்சிகன்
செப்டம்பர் 9, 1992

தம்பி கர்ட்டிஸுக்கு,

நாம் பேசிக்கொண்டு எட்டு மாதம் ஆகிறது. இந்தக் கடிதம் சமாதானம் பேச அல்ல, ஒரு கையெழுத்துக் கேட்க. உறையைப் பிரித்ததும் நீ வேறு எதையும் நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹாலோவீனுக்கு நூலகத்தில் பிள்ளைகளுக்குப் பேய்ப்படம் போடுவதை நிறுத்திவிடலாம் என்று நூலகக் குழு பேசியது. போன வருடப் படத்தைப் பற்றிக் குழுவுக்கு வந்தது ஒரே ஒரு புகார். எழுதியவன் நூலகரின் கூடப்பிறந்த தம்பி. தலைவி திருமதி ரென்ஸ்ட்ராம் அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்தபோது நான் எல்லாருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

கடைசியில், இந்த ஒரு வருடம் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். பத்திலிருந்து பதினைந்து வயது வரை உள்ளவர்கள் மட்டும். அம்மா, அப்பா இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொரு புகார் வந்தால் அத்தோடு முடிந்தது.

படத்தையும் இந்த முறை நான் தேர்ந்தெடுக்கவில்லை. பிள்ளைகளிலேயே ஒன்பது பேர் கூடித் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுதலாம் என்று சனிக்கிழமை ஒரு தாளை ஒட்டினேன். அதில் மூன்றாவது பெயர் உன் மகள் ஆனலி. நான் கூப்பிடவில்லை. தானாக வந்தாள், "அத்தை, பேனா இருக்கா?" என்றாள். இத்தனை மாதத்தில் அவள் என்னிடம் பேசியது அதுதான். கொடுத்தேன்.

நோரீன் அம்மாவுக்கான இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். "அவரைத் தாண்டி நான் எதுவும் பண்ண முடியாதுக்கா, அவரும் போடட்டும்" என்கிறாள். தாளை உள்ளே வைத்திருக்கிறேன். தபால் படகுக்காரர்கள் வாளியில் போட்டு உன் கப்பலுக்கு ஏற்றும்போது ஆற்றில் விழாமல் இருந்தால் சரி.

இர்யா

•

ஹெலன் மர்ச்சிசன் கப்பல், ஹியூரான் ஏரி
செப்டம்பர் 17

இர்யா,

கடிதம் கிடைத்தது. கையெழுத்துப் போட மாட்டேன்.

போன அக்டோபரில் நான் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு இதே ஏரியில்தான் போய்க்கொண்டிருந்தேன். உன் படத்தின் நடுவில் ஆனலி எழுந்து வெளியே ஓடினாள் என்பது நோரீன் எழுதித்தான் எனக்குத் தெரியும். கோட்டுகூட இல்லாமல் பனியில் வீடு வரை ஓடியிருக்கிறாள். ஏன் என்று யார் கேட்டும் சொல்லவில்லை. ஏப்ரல் வரை கூடத்து விளக்கை அணைக்க விடவில்லை. குளிர்காலத்துக்குக் கப்பலைக் கட்டிவிட்டு ஜனவரியில் நான் வீட்டுக்கு வந்தேனே, கடைக்குப் போனாலும் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பதினோரு வயதுப் பெண்!

அதைச் சொல்லத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். நீ என்ன சொன்னாய்? "படம்தானேடா. பேய்னா பயப்படத்தானே செய்வாங்க, அதுக்குத்தானே போடறதே." அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தச் சிரிப்புக்காகத்தான் குழுவுக்கு எழுதினேன்.

உனக்குப் பிள்ளை இல்லை. குத்திக்காட்டவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரிப் பேசாதே என்கிறேன், அவ்வளவுதான்.

ஆனலி பெயர் கொடுத்தது பெரிய பையன்கள் யாராவது கேலி பண்ணியதால் இருக்கும். அழித்துவிடு.

கர்ட்டிஸ்

•

கார்னெட் பே
செப்டம்பர் 24

கர்ட்டிஸ்,

எனக்குப் பிள்ளை இல்லை என்பது எனக்கு ஐம்பத்தோரு வருடமாகத் தெரியும். எழுதிய பிறகு அந்த வரியை நீ அடித்திருக்கலாம். அடிக்காமல் அனுப்பினாய். சரி.

சிரித்தது தப்பு. அதை ஜனவரியிலேயே ஒத்துக்கொண்டிருப்பேன். நீ கதவை அறைந்த அறையில் சுவரில் இருந்த தட்டு உடைந்து, அதைப் பொறுக்குவதற்குள் உன் வண்டி போய்விட்டது.

பெயரை அழிக்க மாட்டேன். அவள் எழுதியது, அழிப்பதானால் அவள்தான் அழிக்க வேண்டும். முதல் கூட்டத்துக்கும் வந்தாள். ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டுக் கொடுத்து, "படத்துல எது வரக் கூடாதோ அதை எழுதுங்க, பேர் போட வேணாம்" என்றேன். ரத்தம், எலும்புக்கூடு என்று எழுதுவார்கள் என நினைத்தேன். ஒன்பதில் ஐந்து சீட்டில் "நாய் சாகக் கூடாது" என்று இருந்தது. ஒன்றில் "முத்தம்". ஒன்றில் "மெதுவா மூடற கதவு". ஒன்றில் "அம்மாவும் அப்பாவும் கத்திச் சண்டை போடறது". கடைசிச் சீட்டில் ஒன்றும் எழுதவில்லை, நாலாக மடித்து வைத்திருந்தது. யாருடையது என்று எனக்குத் தெரியாது.

எனக்கு இதில் விவரம் போதாது என்கிறாய். அப்படியானால் நீயே பார். இரண்டு கேசட் அனுப்புகிறேன். 'பேக்கரியில் ஒரு பேய்', 'சோளக்காட்டு வீடு'. உங்கள் கப்பல் சாப்பாட்டு அறையில்தான் வீடியோ டெக் இருக்கிறதே. பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பெற்றவன் கண்ணால் பார்த்து எழுது. எதை எழுதினாலும் பிள்ளைகளிடம் அப்படியே படித்துக் காட்டுகிறேன்.

கேசட்டோடு வைத்திருக்கும் ஏலக்காய் ரொட்டி உனக்கு மட்டும் அல்ல, எல்லாருக்கும்.

இர்யா

•

ஹெலன் மர்ச்சிசன்
அக்டோபர் 3

இர்யா,

ரொட்டி ஒரே வேளையில் தீர்ந்தது. என் பங்கு இரண்டு துண்டு.

எனக்கு நாலு மணிக்குத்தான் சுக்கான் பிடிக்கும் முறை. அதனால் மதியம் போட்டுப் பார்த்தேன். தனியாகப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் சமையற்காரர் ஆர்வில் உருளைக்கிழங்குக் கூடையோடு வந்துவிட்டார். ஆறடி மூன்றங்குலம், கை இரண்டும் பனைக்கட்டை. பிறகு எஞ்சின் அறையிலிருந்து எண்ணெய்க் கையோடு டெல்பர்ட்.

பேக்கரிப் பேய் பிரச்சினை இல்லாதது. தினமும் விடிவதற்குள் ஒவ்வொரு ரொட்டியிலும் நடுப்பகுதியை மட்டும் தின்றுவிட்டுப் போகும் பேய். பத்து வயதுக்குச் சரி, பதினைந்து வயதுக்காரன் தூங்கிவிடுவான். டெல்பர்ட்டுக்குத்தான் தாங்கவில்லை. "ஏன்யா ஓரத்தை மட்டும் விட்டுட்டுப் போகுது? பல்லு இல்லையா அதுக்கு?" இரண்டு நாளாக இதே பேச்சு.

சோளக்காடு வேறு மாதிரி. இருபத்தாறாவது நிமிடத்தில் சோளக்கொல்லைப் பொம்மை தலையை மட்டும் மெல்லத் திருப்பிப் பார்க்கிறது. ஆர்வில் கூடையோடு எழுந்துவிட்டார். உருளைக்கிழங்கு அறை முழுக்க உருண்டது. "எந்தப் பாவிடா இதைப் புள்ளைங்களுக்கு எடுத்தது?" என்று கத்திவிட்டு, நான் நிறுத்தப் போனதும், "டேய் டேய், நிறுத்தாத, அப்புறம் என்ன ஆச்சுன்னு பாக்கணும்" என்கிறார். நாய் சாகவில்லை. முத்தம் இல்லை. கதவு ஒன்று மூடுகிறது, ஆனால் வேகமாகத்தான்.

இதைப் பிள்ளைகளிடம் படிக்கலாம். ஆர்வில் பெயரைச் சொல்லாதே, வெட்கப்படுகிறார்.

கையெழுத்து இன்னும் இல்லை. போன வருடம் போட்டாயே அந்தக் கேசட்டை அனுப்பு. என் மகளை அலறவைத்தது எது என்று நான் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு உன்னிடம் பேசுகிறேன்.

கர்ட்டிஸ்

•

கார்னெட் பே
அக்டோபர் 8

கர்ட்டிஸ்,

நீ கேட்ட 'மூடுபனி மணி' இதோடு வருகிறது. அனுப்ப மனம் இல்லை. சண்டைக்கு ஆயுதம் கேட்கிறாய் என்று தெரிந்தே அனுப்புகிறேன்.

உன் அறிக்கையைப் படித்துக் காட்டினேன். உருளைக்கிழங்கு உருண்ட இடத்தை மூன்று முறை படிக்கச் சொன்னார்கள். ஆர்வில் பெயரைச் சொல்லவில்லை. 'ஒரு பெரிய மனிதர்' என்றுதான் சொன்னேன். பிரெண்ட் என்ற பையனுக்குப் பதினைந்து வயது, மீசை அரும்புகிறது. அவன் 'ரத்தக் கொட்டகை'தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். "அதை நீ பாத்திருக்கியா?" என்று ஆனலி கேட்டாள். "அண்ணன் பாத்திருக்கான்." "அப்ப உங்க அண்ணனையே இந்தக் குழுவுல சேத்துக்கலாமே, நீ எதுக்கு?" எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்துவிட்டான். உன் மகளை யாரும் கேலி பண்ணிக் கூட்டிக்கொண்டு வரவில்லை, கர்ட்டிஸ். அவள் பேச்சே வேறு.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. கிளம்பும்போது, "போன வருஷம் போட்ட கேசட் இன்னும் இங்க இருக்கா அத்தை?" என்று கேட்டாள். உனக்காகக் கட்டி வைத்தாயிற்று, அதனால் வெளியே போயிருக்கிறது என்றேன். "யார் எடுத்தாங்க?" "வெளியூர்ல இருக்கற ஒருத்தர்." "எப்பத் திருப்பித் தருவார்?" அவர் எதையுமே நேரத்துக்குத் திருப்பித் தந்ததில்லை என்றேன்.

இர்யா

•

ஹெலன் மர்ச்சிசன், சுப்பீரியர் ஏரி
அக்டோபர் 15

அக்கா,

நேற்று மதியம் பார்த்தேன். அதே மூன்று பேர்.

கோபத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். மூடுபனி பிடித்த துறைமுகம், யாரும் இழுக்காமல் அடிக்கும் மணி, பாசித் தாடியோடு மணியடிக்கிற கிழட்டுப் பேய். பேய் வந்ததும் ஆர்வில் வாய்விட்டுச் சிரித்தார். இதற்கா என் பெண் ஓடினாள்?

நோரீன் போன வருடம் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. ஆனலி வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி ஐந்தேகால். நூலகத்திலிருந்து ஓடினால் ஐந்து நிமிடம். நீ நாலரைக்குப் போட்டால் நாலரைதான். ஆக நாற்பதாவது நிமிடம். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

நாற்பதாவது நிமிடத்தில் பேய் இல்லை, அக்கா. காலை நேரம். அடுப்பங்கரை. கப்பலில் போன ஒருவனின் சின்னப் பெண் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருக்கிறாள். கதவு தட்டும் சத்தம். அம்மா திறக்கிறாள். கப்பல் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார்கள். அவர்களும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிடுகிறாள். அவ்வளவுதான், அரை நிமிடம் இருக்கும். பின்னால் இசைகூட இல்லை.

ஆர்வில் உருளைக்கிழங்கு சீவும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். டெல்பர்ட் எழுந்து போய்விட்டான். அவன் மாமா ஒரு நவம்பர்ப் புயலில் கப்பலோடு போனவர்.

ஆனலி ஓடியது உன் பேய்க்குப் பயந்து அல்ல, என்னை நினைத்து. என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாளே, நான் அவளிடம் பேயெல்லாம் பொய் என்று கதை சொல்லிக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில். அவள் பாவம், தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள்.

இதில் கொடுமை, பன்னிரண்டு நிமிடம் கழித்து அந்தப் பெண்ணின் அப்பா திரும்பி வந்துவிடுகிறான். மணியோசையைப் பிடித்துக்கொண்டு உயிர்காப்புப் படகு கரை சேருகிறது. கம்பளி போர்த்திக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். ஆனலி அதைப் பார்க்கவே இல்லை. ஒரு வருடமாக அவளுக்கு அந்த ஆள் செத்தேதான் கிடக்கிறான்.

புகாரை வாபஸ் வாங்கித் திருமதி ரென்ஸ்ட்ராமுக்கு இன்றைக்கே எழுதுகிறேன். ஆனலியிடம் நீ இப்போது எதுவும் சொல்லாதே. என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

உனக்குப் பிள்ளை இல்லை என்ற அந்த வரியை அடித்திருக்க வேண்டும். எழுதியிருக்கவே கூடாது.

கர்ட்டிஸ்

•

கார்னெட் பே
அக்டோபர் 20

அன்புத் தம்பி,

நீ ஒத்துக்கொண்டதற்கு நானும் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை. போன வருடம் அந்தப் படத்தை நான் முன்கூட்டிப் பார்க்கவில்லை. கேசட் அட்டையில் மணி படம் அழகாக இருந்தது, 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று அச்சடித்திருந்தது. போட்டுவிட்டுப் பின்னால் போய் பாப்கார்ன் பொரித்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருடத்தில் நான் படிக்காத ஒரு புத்தகத்தை ஒரு பிள்ளை கையிலும் கொடுத்ததில்லை. கேசட்டை மட்டும் அட்டையைப் பார்த்துக் கொடுத்தேன். உன் வீட்டுப் பெண் என் முதுகுக்குப் பின்னால் எழுந்து ஓடியிருக்கிறாள், எனக்கு எந்த இடம் என்றுகூடத் தெரியவில்லை. அதை மறைக்கத்தான் அன்றைக்குச் சிரித்தேன். நீ குழுவுக்கு எழுதியது நியாயம்.

ஆனலியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளே வந்தாள். சனிக்கிழமை கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு நாற்காலி மடிக்க நின்றுகொண்டாள்.

"அந்தக் கேசட் வந்துதா அத்தை?"

"இன்னும் இல்ல. எதுக்குடி அதையே கேக்கற?"

"அந்த ஆளு வந்தாரா இல்லையான்னு பாக்கணும்."

"எந்த ஆளு?"

"அந்தப் பொண்ணோட அப்பா. பிரெண்டைக் கேட்டேன், பேய் மட்டும்தான் ஞாபகம் இருக்குங்கறான். கோராவோட அக்காவைக் கேட்டேன், அவ பாதியிலேயே தூங்கிட்டாளாம். ஒருத்தருக்கும் தெரியல. எல்லாரும் பேயையே பாத்துட்டு இருந்திருக்காங்க."

அதற்காகத்தான் குழுவில் பெயர் கொடுத்திருக்கிறாள், கர்ட்டிஸ். கேசட் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வர. எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "நான் வேணா சொல்லட்டுமா?" என்றேன்.

"வேணாம். நீங்க சொன்னா, எனக்காகச் சொல்ற மாதிரி இருக்கும். நானே பாக்கணும்."

நாற்காலியை மடித்துச் சுவரோரம் வைத்தாள்.

இவளுக்கு அந்தப் படத்தைப் போட வேண்டும் என்று நினைக்கிறேன். கூட்டத்தில் அல்ல. ஆனால் தகப்பன் நீ. நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

உன் அக்கா
இர்யா

•

ஹெலன் மர்ச்சிசன்
அக்டோபர் 24

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், தபால் படகு பக்கத்தில் வந்துவிட்டது. மினசோட்டா துறையில் கப்பல்கள் வரிசையில் நிற்கின்றன. அதனால் எங்களை நம் ஊருக்கே போய் ஏற்றச் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை, 28ஆம் தேதி, மதியம் இரண்டு மணிக்குள் துறையில் கட்டுவோம். ஏற்றி முடிய ஆறு மணி நேரம். காப்டனிடம் கேட்டுவிட்டேன். நோரீனுக்கு அன்றைக்கு மாலை வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நீ ஆனலியைக் கூட்டிக்கொண்டு வா. கேசட் என்னிடமே இருக்கிறது.

கையெழுத்துப் போட்ட தாள் உள்ளே.

கர்ட்டிஸ்

•

ஹெலன் மர்ச்சிசன்
அக்டோபர் 29

அக்கா,

நேற்று நீ ஏணி வரை வந்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் போங்க, எனக்கு உசரம் ஒத்துக்காது" என்று காருக்குத் திரும்பினாய். சின்ன வயதில் நம் வீட்டுக் கூரையில் ஏறி உட்கார்ந்து படித்தவள் நீ. இருந்தாலும் நன்றி. என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆர்வில் சூடான சாக்லேட் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவுகிறேன் என்று அடுத்த அறைக்குப் போனார். குழாய்ச் சத்தம் கேட்கவே இல்லை. அவளும் நானும் பெஞ்சில் உட்கார்ந்தோம். முதல் அரை மணி நேரம் சும்மா பார்த்தாள். பேய் வந்தபோது, "தாடி ஒட்டுத்தாடி, பாருங்க, காதுகிட்ட பேந்திருக்கு" என்றாள்.

கதவு தட்டும் சத்தம் வந்தது. அவள் கையை நீட்டி டெக்கை நிறுத்தினாள். படம் நின்றது. அந்த இரண்டு பேரும் கோடு கோடாக ஆடிக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள்.

"இங்கதான் அப்பா."

"தெரியும்மா."

"நிஜமாவே இப்படித்தான் வருவாங்களா?"

இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது தெரியுமா? "ஆமா, இப்படித்தான் வருவாங்க" என்றேன்.

"ரெண்டு பேரா?"

"ரெண்டு பேராத்தான்."

"ஏன் ரெண்டு பேரு?"

நான் யோசித்ததே இல்லை. "ஒருத்தரால அதைச் சொல்ல முடியாதுன்னு நினைக்கறேன்."

அவள் அந்தப் படத்தையே பார்த்தாள். "நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்களா?"

"இல்ல."

"எத்தனை வருஷமா நீங்க கப்பல்ல இருக்கீங்க?"

"பதினெட்டு."

சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி ஓடவிட்டாள். பன்னிரண்டு நிமிடம் அக்கா, நான் எந்தப் புயலிலும் அப்படி உட்கார்ந்திருந்ததில்லை. அந்த ஆள் கம்பளியோடு வந்து நின்றதும் அவள் பெருமூச்சு விட்டாள். அழவில்லை. அழுதது நான்தான். அடுத்த அறையில் ஆர்வில் மூக்கைச் சிந்துவது இங்கே வரை கேட்டது.

"நினைச்சேன், வந்துடுவார்னு" என்றாள். "படத்துல வந்துடுவாங்க. நிஜத்துல நீங்க என்ன பண்ணுவீங்க?"

அதைத்தான் அவள் கேட்கக் காத்திருந்திருக்கிறாள். பேய் உண்டா இல்லையா என்பதை அல்ல. மேலே கூட்டிப் போய்க் காட்டினேன். உயிர்காப்புப் படகு எப்படி இறங்கும், ரேடியோவில் யாரைக் கூப்பிடுவோம், குளிர்நீரில் போட்டுக்கொள்ளும் சிவப்பு ரப்பர் உடுப்பு எங்கே இருக்கும். போட்டுப் பார்க்கிறேன் என்றாள். உள்ளே நுழைந்ததும் நிற்க முடியாமல் சாய்ந்துவிட்டாள். டெல்பர்ட் தூக்கி நிறுத்தி, "ஹாலோவீனுக்கு இதையே போட்டுட்டுப் போ, தெருவே மிட்டாயைக் கொட்டிட்டு ஓடிடும்" என்றான். ஏரி வரைபடத்தில் காற்றுக்கு ஒதுங்கும் இடம் எல்லாவற்றையும் விரல் வைத்துக் கேட்டாள். காப்டன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "காத்து அடிச்சா மொதல்ல ஓடி ஒளியறவன் நான்தாம்மா. கொஞ்சம்கூட வெக்கப்பட மாட்டேன்." அதற்குத்தான் அவள் முதல்முதலாகச் சிரித்தாள்.

திரும்பி வந்துவிடுவேன் என்று நான் சத்தியம் பண்ணவில்லை. அவளும் கேட்கவில்லை. ஏணியில் இறங்கும்போது எனக்கு முன்னால் இறங்கினாள், திரும்பிப் பார்க்காமல்.

கர்ட்டிஸ்

•

கார்னெட் பே
நவம்பர் 1

அன்புத் தம்பி,

காரில் வரும்போது அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "வந்துட்டார் அத்தை." யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை படம் போட்டோம். ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் 'சோளக்காட்டு வீடு' ஜெயித்தது. இந்த முறை நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன், இரண்டாம் தடவை விளக்கைப் போட்டுக்கொண்டு. முப்பத்தொரு பிள்ளைகள் வந்தார்கள். திருமதி ரென்ஸ்ட்ராம் சோதனை போட வந்தவர் மாதிரி முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உன் இரண்டாவது கடிதம் அவருக்கு வந்துவிட்டது. "உங்க தம்பி அழகா எழுதறார். ரெண்டு தடவையும்" என்று மட்டும் சொன்னார்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் ஆனலி எழுந்து எல்லாருக்கும் அறிவிப்புக் கொடுத்தாள். "இருபத்தாறாவது நிமிஷத்துல பொம்மை தலையைத் திருப்பும். பாக்கப் பிடிக்காதவங்க கண்ணை மூடிக்கலாம். முடிஞ்சதும் நான் 'போச்சு'ன்னு சொல்வேன், அப்பத் திறந்தாப் போதும். வெளியில போகணும்னா போகலாம், யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. திரும்பி வந்தா விட்ட இடத்துலேருந்து போட்டுக் காட்டுவோம்." கடைசி வாக்கியம் குழு முடிவு செய்த விதியில் இல்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

இருபத்தாறாவது நிமிடம் வந்தது. அறை முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டார்கள். பிரெண்ட் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டான். அமைதி. ஆனலி நிதானமாக, நல்ல பிள்ளையாக, "போச்சு" என்றாள்.

இரண்டு நொடி முன்னாடியே சொல்லிவிட்டாள் கர்ட்டிஸ்! எல்லாரும் கண்ணைத் திறக்கவும் பொம்மை திரும்பவும் சரியாக இருந்தது. அந்தக் கூச்சல் துறைமுகம் வரை கேட்டிருக்கும். எல்லாரையும்விட உரக்கக் கத்தியது திருமதி ரென்ஸ்ட்ராம். கைப்பை எங்கோ பறந்தது. அப்புறம் ஒரு சிரிப்பு, பாதிப் பேர் தரையில் உருண்டு சிரித்தார்கள். யாரும் வெளியே ஓடவில்லை. கோரா என்ற பத்து வயது வாண்டு மட்டும் ஆனலியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கடைசி வரை இறங்கவில்லை.

"ஏண்டி அப்படிப் பண்ணின?" என்று பிறகு கேட்டேன். "பயப்படத்தானே வந்தாங்க" என்கிறாள். இதே வார்த்தையை நான் சொல்லி எட்டு மாதம் பேச்சில்லாமல் இருந்தது. அவள் சொன்னால் மட்டும் எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

அடுத்த வருடமும் போடலாம் என்று குழு சொல்லிவிட்டது.

உன் அக்கா
இர்யா

•

ஹெலன் மர்ச்சிசன், கிவீனா முனைக்குப் பின்னால்
நவம்பர் 9

அக்கா,

இரண்டு நாளாக நங்கூரம் போட்டு நிற்கிறோம். வடமேற்குக் காற்று மோசம். காப்டன் சொன்னபடியே முதல் ஆளாக ஓடி ஒளிந்துவிட்டார். எங்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று கப்பல் வந்து ஒதுங்கியிருக்கிறது. வேலை இல்லை, சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தூங்குகிறோம்.

ஜனவரியில் கப்பலைக் கட்டியதும் நாங்கள் மூன்று பேரும் உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறோம். சுவருக்கு ஒரு தட்டும் வாங்கி வருகிறேன். என் ரசனை உனக்குப் பிடிக்காது, இருந்தாலும் மாட்டு.

நேற்றுச் சாயங்காலம் செய்தியில் காற்றைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள், ஆனலி கேட்டிருப்பாள் என்று மனது அடித்துக்கொண்டது. ரேடியோ டெலிபோனில் வீட்டுக்குப் பேசினேன். அதில் நான் பேசுவதே இல்லை, உனக்குத் தெரியும். ஏரியில் உள்ள அத்தனை கப்பலும் ஒட்டுக்கேட்கும். இருந்தாலும் பேசினேன். அவள்தான் எடுத்தாள்.

"அப்பா, எங்க நிக்கறீங்க?"

"முனைக்குப் பின்னால."

"கிழக்குப் பக்கமா?"

"ஆமா."

"அப்ப சரி. அங்க காத்து படாது." பின்னால் டிவி சத்தம், நோரீன் எதையோ கூப்பிட்டுச் சொல்லும் சத்தம். நான் ஒரு பெரிய பேச்சு யோசித்து வைத்திருந்தேன். தைரியம், அப்பா, காற்று என்று. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"அப்பா, நாளைக்குக் கணக்குப் பரீட்சை இருக்கு. அப்புறம் பேசலாமா?"

என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அவளே முதலில் வைத்துவிட்டாள்.

பக்கத்துக் கப்பல்காரன் ஒருவன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ரேடியோவில் வந்து, "என்னப்பா, வீட்டுல உன்னை மதிக்கவே மாட்டாங்க போல" என்றான். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் நன்றாகத் தூங்கினேன்.

உன் தம்பி
கர்ட்டிஸ்